நடுகல்லும் வீட்டுப் படமும்

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் காட்சி முதல் வாழ்த்தல் ஈறாக ஆறு துறைகளாக வகுத்துரைக்கின்றார். தக்க கல்லைத் தேர்ந்து, நீர்ப்படுத்தி, நட்டு, சிறப்புச் செய்து வாழ்த்துவது அம்மரபு. இத்தகைய கற்களைக் காணச் செங்கம் வரை செல்ல வேண்டுவதில்லை. நம் கோலார் மாவட்டத்து ஊர்ப்புறங்களிலும் அவை நிற்கின்றன. கன்னடத்தார் வீரகல் என்பர். படைக்கலம் ஏந்தியவன் ஆங்கே நிலைத்து நிற்கின்றான். அவனுடைய வீட்டு அடுப்பு எந்த மூலையில் எரிந்தது என்பதை நான் கண்ட கல் எதுவும் சொல்லவில்லை.

சொல்லாமல் விடப்பட்ட அதனையே தம் கலைக்குப் பொருளாக்கியவர் யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன். தில்லியில் ஓவியம் பயின்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்தவர். 1983 முதல் 2009 வரை நீண்ட ஈழப்போரின் நடுவே வாழ்ந்தவர். அப்போருக்கு முன்னரே, 1981இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியுண்டதை நம் சங்கத்து மூத்தோர் மறந்திரார். சீரமைக்கப்பட்ட அதே நூலகத்தில் 2004இல் நடந்த கண்காட்சிக்கு ‘அகம் புறம்’ என்று பெயர். அதில், யாழ்ப்பாணத்து இல்லங்களில் திரட்டிய பொருள்களைச் சனாதனன் காட்சிக்கு வைத்தார்.

2011இல் வெளிவந்த அவருடைய நூல் ‘முற்றுப்பெறாத தோம்பு’ எனப் பொருள்படும் தலைப்பை உடையது. தோம்பு என்பது போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் இலங்கையில் எழுதி வைத்த நிலப்பதிவேடு. வரி தண்டுவதற்கு உதவியது. சனாதனனின் தோம்போ, இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் இழந்துவந்த வீடுகளின் பதிவு. எண்பது பேர் தத்தம் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்துள்ளனர். ஒவ்வொன்றுடனும் கட்டடக் கலைஞரின் அளவான படம் ஒன்று. அவர்கள் கூறியதைக் கேட்டு ஓவியர் தீட்டிய படம் ஒன்று. இவையனைத்தும் அலுவலகக் கோப்பு வடிவில் கட்டப்பட்டுள்ளன.

கோப்புகளோடு காலம் தள்ளும் எழுத்தன் நான். கோப்பு கண்ணீரை அறியாது என்றே எண்ணியிருந்தேன். நேர்கோடுகளால் ஆன கட்டடப் படத்தைவிட, கை நடுங்கிய முதற்படமே எனக்கு மெய்யான ஆவணமாகத் தோன்றுகிறது. கிணறும் முற்றமும் அளவுக்கு மீறிப் பெரியனவாக இருக்கலாம். இழந்தவனுக்கு அவை அத்துணைப் பெரியவையே. அகம் என்னும் சொல்லுக்கு வீடு என்றும் பொருளுண்டு. புறத்திணைக்குரிய போரை இக்கலைஞர் அகத்தின் வாயிலாகக் காட்டிவிட்டார். வென்றவர் யார், தோற்றவர் யார் என்ற வினாவுக்கு இங்கே இடமில்லை. 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டதையும் சேர்த்து எண்ணினால், இத்தோம்பு முற்றுப்பெறாததன் காரணம் விளங்கும்.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் நம் சுரங்கம் மூடப்பட்டதைக் குண்டுவீச்சுக்கு ஒப்பிடேன், அது தகாது. ஆயினும் அந்நூலைப் பற்றி அறிந்த இரவு, நாங்கள் விட்டுவந்த லைன் வீட்டை ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். வாசல் திசை தவறு என்றார் அண்ணன். அம்மா பென்சிலை வாங்கினார். அப்பா ஷிப்டு முடிந்து வந்து தொப்பியை மாட்டும் ஆணிக்கு ஒரு புள்ளி வைத்தார். வேறெதையும் திருத்தவில்லை.