திருவுளச்சீட்டும் நிலத்தின் விலையும்: சியோல் நகரப் பாடசாலை அனுமதி பற்றிய ஒரு நோக்கு

பாடசாலை அனுமதி பற்றிய விவாதங்களில் இரு வழிகள் எதிரெதிராக நிறுத்தப்படுவதுண்டு. பிள்ளை தன் அயலிலுள்ள பாடசாலைக்கே செல்லவேண்டும் என்பது ஒன்று. திருவுளச்சீட்டினால் இடங்கள் பங்கிடப்படவேண்டும் என்பது மற்றொன்று. இவை உண்மையில் ஒன்றுக்கொன்று மாற்றானவைதாமா என்பதைத் தென்கொரியத் தலைநகரின் அனுபவங்கொண்டு ஆராயலாம்.

1960களிற் சியோலின் புகழ்பெற்ற இடைநிலைப் பாடசாலைகளுக்குக் கடும் போட்டிப் பரீட்சை மூலமே அனுமதி கிடைத்தது. 1964 டிசெம்பர்ப் பரீட்சையில், இனிப்புப் பாகு காய்ச்சுவதற்கு முளைத் தானியத்துக்குப் பதிலாக எதனைப் பயன்படுத்தலாம் என வினவப்பட்டது. முள்ளங்கிச் சாறு என விடையளித்தோருக்குப் புள்ளி மறுக்கப்படவே, தாய்மார் அச்சாற்றிற் பாகு காய்ச்சிக் கொணர்ந்து போராடினர். வழக்குத் தொடுத்து 1965இல் வெற்றியும் பெற்றனர். ஒரு வினாவில் ஒரு பிள்ளையின் எதிர்காலமே தங்கியிருந்தமை இதனாற் புலப்படும்.

இந்நெருக்கடி முற்றிய நிலையில், 1968இல் பார்க் சுங் ஹீயின் அரசாங்கம் அப்பரீட்சையை ஒழிப்பதாக அறிவித்தது. 1969இற் சியோற் பிள்ளைகளின் பாடசாலையைக் கையாற் சுழற்றப்பட்ட குலுக்கற் பெட்டி தீர்மானித்தது. 1974இற் சியோல், புசான் நகரங்களின் உயர்நிலைப் பாடசாலைகளுக்கும், தனியார் பாடசாலைகள் உட்பட, குலுக்கல் முறை விரிவுபடுத்தப்பட்டது. சனநாயக உரிமைகளை நசுக்கிய ஆட்சியே இதனைச் செய்தமை முரண்பாடாகத் தோன்றலாம். ஆயின், ஏற்றுமதிக் கைத்தொழிலுக்குப் பரந்துபட்ட கல்வியறிவுள்ள உழைப்பாளர் படை தேவைப்பட்டதையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.

எனினும், குலுக்கல் நகரம் முழுவதற்கும் பொதுவானதாக நிலைக்கவில்லை. வதிவிட வட்டாரத்துக்குள்ளேயே அது பெரிதும் நிகழலாயிற்று. அதே காலத்தில் ஹான் ஆற்றின் தென்கரையிற் குடியேற்றத்தை ஊக்குவிக்க விரும்பிய அரசு, பழம்பெரும் பாடசாலைகளை அங்கு இடம்பெயர்த்தது. கியொங்கி உயர்நிலைப் பாடசாலை 1976இலும், ஹ்வீமுன் 1978இலும், சியோல் உயர்நிலைப் பாடசாலை 1980இலும் சென்றன. கங்நாம் பகுதியை உள்ளடக்கிய 'எட்டாம் பாடசாலை வட்டாரம்' வசதிபடைத்தோரின் இலக்காயிற்று. வீட்டு விலை உயர்ந்தது. பொய் முகவரிப் பதிவும் பெருகியது. முன்னர் தனிப்பயிற்சிக்குச் செலவிட்ட பணம் இப்போது நிலத்திலும் முதலிடப்பட்டது.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைப் பரீட்சைக் கொடுமையினின்று விடுவித்தமை திருவுளச்சீட்டின் மெய்யான சாதனையே. அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயின், எல்லைக்கோட்டினுள் நிகழும் குலுக்கல், கோட்டின் இருபுறத்தும் வாழும் வர்க்கங்களைக் கலப்பதில்லை. அயற்பாடசாலையா, திருவுளச்சீட்டா என்ற வினாவுக்கு முன்னதாக, எல்லையை வகுப்பவர் யார், அதனுள்ளே வாழ வாடகை கொடுக்கவல்லவர் யார் என்பனவே கேட்கப்படவேண்டிய வினாக்களாகும்.