சுவாச வைரஸ் பரவலின் கணித மாதிரிகள்

இன்ஃபுளுவென்சா, தட்டம்மை, ஆர்.எஸ்.வி., சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோவைரஸ், கொரோனா வைரஸ்கள் ஆகியன மக்களிடையே எவ்வாறு பெருகித் தணிகின்றன என்பதையும், ஒரே ஊரில் ஒரே பருவத்தில் உலவும்போது ஒன்றின் பரவலை மற்றொன்று எவ்வாறு தடுக்கிறது அல்லது தூண்டுகிறது என்பதையும் சமன்பாடுகளாக எழுதி ஆராயும் துறை இது. இதன் வரலாற்றின் பெரும்பகுதி, ஒவ்வொரு நோயும் தனித்தே பரவுகிறது என்ற எடுகோளின் மீதே கழிந்தது. கிருமிகளுக்கு இடையிலான வினை முறையாக ஆராயப்பட்டது அண்மைக்காலத்தில்தான். பதிவான எண்ணிக்கைகளோடு ஒரு வளைகோடு பொருந்திவிட்டால், அதற்கு அடிப்படையாகக் கொண்ட காரணமும் மெய்யாகிவிடுமா என்ற கேள்வி தொடக்கம் முதலே இத்துறையை விடாமல் தொடர்ந்து வந்திருக்கிறது.

நோயைச் சமன்பாட்டால் ஆராய்ந்த முதல் முயற்சி டேனியல் பெர்னூலி 1760-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்த பெரியம்மைக் கணக்காகும். அம்மை குத்துவதால் சராசரி ஆயுள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கூடும் என்று அவர் காட்டினார். ஆனால் நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் முறை அவருடைய கணக்கில் இடம்பெறவில்லை. இங்கிலாந்தின் வில்லியம் ஃபார், 1840-இல் பெரியம்மை இறப்புகள் மணி வடிவத்தில் ஏறி இறங்குவதைச் சுட்டினார். அவ்வடிவத்துக்குக் காரணம் என்ன என்பதில் பின்வந்தோர் இரண்டாகப் பிரிந்தனர். கிருமியின் தொற்றும் வலிமை நாளடைவில் குன்றுவதே நோய் தணியக் காரணம் என்று ஜான் பிரௌன்லி கருத, தொற்றுக்கு ஆளாகத்தக்கவர்கள் குறைந்துபோவதே காரணம் என்று வில்லியம் ஹேமர் 1906-இல் லண்டன் தட்டம்மையைக் கொண்டு வாதிட்டார். புதிய தொற்றுகளின் வேகம், தொற்றியோர் எண்ணிக்கையையும் தொற்றக்கூடியோர் எண்ணிக்கையையும் பெருக்கிவரும் தொகைக்கு ஏற்ப அமையும் என்ற அவருடைய எடுகோள் இன்றளவும் இத்துறையின் மூலக்கல்லாக உள்ளது.

அடுத்த கட்டம் இந்தியாவோடு நெருங்கிய தொடர்புடையது. செகந்திராபாதில் 1897-இல் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்த ரொனால்டு ராஸ், கொசுக்களை முற்றாக ஒழிக்காமல் ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தாலே மலேரியா மறையும் என்பதைச் சமன்பாடுகளால் நிறுவ முயன்றார். அவருடன் பணியாற்றிய ஆண்டர்சன் கிரே மெக்கென்ட்ரிக், இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து கசௌலி பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தவர். பின்னர் எடின்பரோவில், 1924-இல் ஆய்வக வெடிவிபத்தில் பார்வையிழந்த வேதியியலர் வில்லியம் கெர்மாக்குடன் சேர்ந்து 1927-இல் வெளியிட்ட கட்டுரையே இன்றைய மாதிரிகள் பெரும்பாலானவற்றுக்குத் தாயாகும். அதன் எளிய வடிவில் மக்கள் தொற்றக்கூடியோர், தொற்றியோர், நோயிலிருந்து நீங்கியோர் என மூன்று பிரிவாகின்றனர். ஒரு பிரிவிலிருந்து அடுத்ததற்கு ஆட்கள் நகரும் வேகத்தை வகைக்கெழுச் சமன்பாடுகள், அதாவது காலத்தோடு மாறும் அளவுகளின் மாறுவீதத்தைக் கூறும் சமன்பாடுகள், தருகின்றன. தொற்றக்கூடியோர் முழுவதும் தீர்ந்த பின்னரே கொள்ளைநோய் ஓயும் என்பதில்லை, அவர்கள் தொகை ஒரு வாயில் அளவுக்குக் கீழே இறங்கினாலே அது தணியத் தொடங்கும், பலர் தொற்றாமலே தப்புவர் என்பது அக்கட்டுரையின் மிகப் பெரிய முடிவு.

அம்மாதிரிக்கு அவர்கள் காட்டிய சான்று, பம்பாயில் 1905–06-இல் வாரந்தோறும் பதிவான பிளேக் இறப்புகள். வளைகோடு வியக்கத்தக்க அளவில் பொருந்தியது. ஆனால் அந்த பிளேக், எலிகளிடமிருந்து தெள்ளுப்பூச்சிகள் வழியே மனிதருக்கு வந்த நோய். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதாகக் கொண்ட சமன்பாட்டுக்கு அது உரிய எடுத்துக்காட்டே அன்று. எனவே அந்தப் பொருத்தத்தை மாதிரியின் வெற்றியாகக் கொள்வதை விட எச்சரிக்கையாகக் கொள்வதே தகும்.

தட்டம்மை அதைவிடக் கடினமான சோதனையாக அமைந்தது. எச்.இ. சோப்பர் 1929-இல் கிளாஸ்கோ நகரத் தட்டம்மைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, சமன்பாட்டின் அலைகள் படிப்படியாகச் சிறுத்து அடங்கின. நகரிலோ நோய் மீண்டும் மீண்டும் அதே உயரத்தில் எழுந்தது. மனிதரின் சந்திப்புகளில் உள்ள தற்செயலும், பள்ளித் திறப்பு போன்ற பருவ மாற்றங்களும் கணக்கில் சேர்ந்த பின்னரே இந்த முரண் தீர்ந்தது. எம்.எஸ். பார்ட்லெட் 1957-இல், ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று இலட்சம் பேர் வாழும் நகரிலேயே தட்டம்மை இடையறாது நிலைத்திருக்க முடியும், அதனினும் சிறிய ஊர்களில் அது அணைந்து வெளியிலிருந்து மீண்டும் வர வேண்டும் என்று காட்டினார். தொற்றிய ஒருவர், எதிர்ப்பாற்றல் எவருக்கும் இல்லாத கூட்டத்தில் சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றுவார் என்பதைக் குறிக்கும் அடிப்படைப் பரவல் எண், மலேரியா ஆய்வின் வழி ஜார்ஜ் மெக்டொனால்டு வகுத்துத் தந்ததாகும். ராய் ஆண்டர்சனும் ராபர்ட் மேயும் 1979 முதல் எழுதிய கட்டுரைகளால் அது பொதுச் சுகாதாரத்தின் அன்றாட மொழியானது.

இன்ஃபுளுவென்சாவின் பயணத்தைச் சோவியத் ஒன்றியத்தில் பாரோயானும் ர்வாச்சேவும் நகரங்களுக்கு இடையிலான போக்குவரத்துக் கணக்கோடு இணைத்தனர். ர்வாச்சேவும் ஐரா லாஞ்சினியும் 1985-இல் 52 நகரங்களின் விமானப் பயணத்தைக் கொண்டு 1968-இன் ஹாங்காங் காய்ச்சல் பரவலை மீளுருவாக்கினர். அடிப்படைப் பரவல் எண் என்ற சராசரி மறைக்கும் ஏற்றத்தாழ்வும் பின்னர் அளக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் ஆந்திரப் பிரதேசத்திலும் 84,965 கோவிட் நோயாளிகளையும் அவர்களோடு தொடர்பிலிருந்த 5,75,071 பேரையும் பின்தொடர்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், தொற்றியோரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் தம் தொடர்பினர் எவருக்கும் நோயைத் தரவில்லை என்பது தெரிந்தது. பரவலின் பெரும்பங்கு சிலரிடமிருந்தே நிகழும் நோயில், சராசரியை மட்டும் நம்பும் மாதிரி வழிதவறும்.

கிருமிகள் ஒன்றையொன்று பாதிக்கும் என்பதற்கான உயிரியல் அடிப்படை 1957-இலேயே கிடைத்தது. செயலிழந்த இன்ஃபுளுவென்சா வைரஸ் பட்ட செல்கள் பிறகு வரும் வைரஸையும் எதிர்ப்பதை ஆராய்ந்த அலிக் ஐசக்ஸும் ழான் லிண்டன்மனும், செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற பொருளைக் கண்டறிந்தனர். ஆயினும் கணிதம் முதலில் எடுத்துக்கொண்டது ஒரே வைரஸின் திரிபுகளைத்தான்: ஒரு திரிபுக்கு எதிராகப் பெற்ற ஆற்றல் அதனை ஒத்த திரிபையும் ஓரளவு தடுப்பது குறுக்கு எதிர்ப்பாற்றல் எனப்படும். நீல் ஃபெர்குசன் குழுவினர் 2003-இல், இன்ஃபுளுவென்சாவின் திரிபுகள் கட்டின்றிப் பெருகிவிடாததை விளக்க, எல்லாத் திரிபுகளையும் சில காலம் தடுக்கும் குறுகிய பாதுகாப்பு ஒன்றும் தேவை என்று வாதிட்டனர். அதே ஆண்டில் பெஜ்மன் ரோஹானி குழுவினர், தட்டம்மையும், பாக்டீரியாவால் வரும் கக்குவான் இருமலும் ஐரோப்பிய நகரங்களில் மாறிமாறி எழுந்ததற்கு வேறொரு காரணம் கூறினர்: ஒரு நோயால் படுக்கையில் கிடக்கும் குழந்தை பள்ளிக்குச் செல்லாததால் மற்ற நோயின் வட்டத்திலிருந்து விலகிவிடுகிறது, எதிர்ப்பாற்றல் எதுவும் இன்றியே போட்டி நிகழ்ந்துவிடுகிறது.

நோயாளியிடம் எடுத்த ஒரே மாதிரியில் பல வைரஸ்களைத் தேடும் மரபணுச் சோதனைகள் பரவலான பின்னரே இவ்வூகங்களைச் சோதிக்க முடிந்தது. 2009 பன்றிக்காய்ச்சல் பரவலின்போது ஸ்வீடனிலும் பிரான்சிலும் ரைனோவைரஸ் மிகுந்திருந்த வாரங்களில் புதிய இன்ஃபுளுவென்சா தாமதித்தது கவனத்தை ஈர்த்தது. கிளாஸ்கோவில் ஒன்பது ஆண்டுகளில் 44,230 சுவாச நோய் நிகழ்வுகளில் 11 வைரஸ் வகைகளைச் சோதித்த தரவைக் கொண்டு 2019-இல் வெளியான ஆய்வு இத்துறையின் திருப்புமுனை. இன்ஃபுளுவென்சா ஏ உச்சம் தொடும்போது ரைனோவைரஸ் சரிகிறது என்று காண்பது எளிது. அது பருவநிலையின் விளைவன்று என்று நிறுவுவதுதான் கடினம். மேலும் சோதிக்கப்பட்டோர் அனைவரும் நோயாளிகள்: ஒரு வைரஸ் இல்லாதவரிடம் நோய்க்குக் காரணமாக வேறொன்று இருந்தாக வேண்டும் என்பதால், மெய்யான போட்டி இல்லாவிடினும் இரண்டும் ஒன்றையொன்று விலக்குவதுபோல் தோன்றும். இவ்விரு மயக்கங்களையும் கணக்கில் கழித்த பின்னரும் எதிர்மறை வினை எஞ்சியது. இன்ஃபுளுவென்சா சிறிது காலமே நீடிக்கும் பொதுவான பாதுகாப்பைத் தந்தாலே இரண்டின் பருவங்களும் பிரிந்து நிற்கும் என்று அந்த ஆய்வாளர்களுடைய கணினி ஒப்புருவாக்கமும் காட்டியது.

எல்லா வினையும் தடையாகவே இருப்பதில்லை. இன்ஃபுளுவென்சா வந்தவருக்கு நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் நிமோனியா பற்றும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு வாரத்துக்குச் சுமார் நூறு மடங்கு உயர்கிறது என்று 2013-இல் ஒரு மாதிரி மதிப்பிட்டது. வினை வலிமையானதாயினும் குறுகியது என்பதால், மாதாந்திரப் புள்ளிவிவரங்களில் அது புலப்படாமல் போகிறது.

2020-இல் இன்ஃபுளுவென்சா உலகெங்கும் ஏறக்குறைய மறைந்தபோது இரு விளக்கங்கள் எதிரெதிர் நின்றன: முகக்கவசமும் ஊரடங்கும் அதை நிறுத்தின என்பது ஒன்று, கொரோனா வைரஸ் அதை விலக்கியது என்பது மற்றொன்று. இவற்றைப் பிரித்தறிய உதவியது, கொரோனா மிகக் குறைவாகவே பரவிய நியூசிலாந்து. அங்கும் அவ்வாண்டு இன்ஃபுளுவென்சா எழவில்லை. எனவே அதன் மறைவுக்கு வைரஸ் போட்டி இன்றியமையாத காரணம் அன்று. கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் உள்நாட்டில் ஒடுங்கிக் கிடந்த ரைனோவைரஸ் மீண்டும் பரவ, ஒவ்வொரு குளிர்காலத்திலும் வெளிநாடுகளிலிருந்து வந்து சேரும் இன்ஃபுளுவென்சா, மூடிய எல்லைகளைத் தாண்ட வழியின்றி, வராமலே இருந்தது.