குடியை விட்டவர்கள் கூடும் அறை: ஒரு சிறு வரலாறு

 

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ சாராயக் கடைக்கு யாரும் வழி கேட்பதில்லை. ஆனால் "குடியை விட வேண்டும், எங்கே போவது?" என்று ஒருவர் கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. பிள்ளைகளை நினைத்துப் பார் என்கிறோம். அவரும் சத்தியம் செய்கிறார். சம்பள நாளோடு சத்தியம் போய்விடுகிறது.

பிரித்தானியர் காலத்தில் சாராயம் அரசாங்கத்துக்குப் பெரிய வருமானம். தவறணை நடத்தும் உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள். முதலில் கோப்பி, 1867க்குப் பிறகு தேயிலை என்று தோட்டங்கள் பெருகின. கையில் காசாகச் சம்பளம் வாங்கும் மக்கள் நிறைந்த மலைநாடு குத்தகைக்காரர்களுக்கு நல்ல சந்தையானது.

எதிர்ப்பும் எழுந்தது. 1904இலும், புதிய மதுவரிச் சட்டம் வந்த 1912இலும் மதுவொழிப்பு இயக்கம் நாட்டில் பெரிதாக வளர்ந்தது. டி. பி. ஜயதிலக, எஃப். ஆர். சேனாநாயக்க போன்றோர் முன்நின்றார்கள். பிற்பாடு ஊரார் வாக்களித்துத் தவறணையை மூடும் முறையும் வந்தது. அது பெரிய வேலைதான். ஆனால் கடை மூடிய மறுநாள் கை நடுங்க உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு என்ன வழி என்பதற்கு அந்த இயக்கத்திடம் பதில் இருக்கவில்லை.

அந்தப் பதிலைக் குடித்தவர்களே கண்டுபிடித்தார்கள். 1840இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஒரு மதுக்கடையில் வழக்கமாகக் கூடும் ஆறு பேர் இனிக் குடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். கிழமைதோறும் கூடித் தங்கள் கதையைச் சொன்னார்கள். வாஷிங்டோனியர் என்ற பெயரில் அது வேகமாகப் பரவியது. பிறகு அரசியலும் சட்டப் போராட்டமும் உள்ளே புகுந்தன. சில ஆண்டுகளில் இயக்கமே கரைந்துபோனது.

95 வருடங்கள் கழித்து, 1935 மே மாதம், பில் வில்சன் என்ற நியூயோர்க் பங்குத்தரகர் அக்ரன் என்ற ஊரில் இருந்தார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. போன காரியம் தோற்றுவிட்டது. தங்கியிருந்த ஹோட்டலின் மதுச்சாலையிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. அவர் அங்கே போகாமல் தொலைபேசியை எடுத்துத் தேவாலயங்களைத் தொடர்புகொண்டு, தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரரைத் தேடினார். கிடைத்தவர் அறுவைச் சிகிச்சை வைத்தியர் பொப் ஸ்மித். கால் மணி நேரம் மட்டும் என்று ஒத்துக்கொண்ட வைத்தியர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்ததாகச் சொல்லப்படும் 1935 ஜூன் 10, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்த நாளாகக் கொண்டாடப்படுகிறது.

1950இல் அவர்கள் பன்னிரண்டு மரபுகளை ஏற்றார்கள். அரசியலில் தலையிடுவதில்லை, வெளியார் பணம் வாங்குவதில்லை, கட்டணம் இல்லை. குடியை விடும் விருப்பம் மட்டும் போதும். கூட்டத்தில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. ஒருவர் பேசுவார், மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள், கேட்டதை வெளியே கொண்டுபோக மாட்டார்கள். குடும்பத்தினருக்காக 1951இல் அல்-அனான் தனியாகத் தொடங்கியது.

நம் மொழிக்கு அருகில் வருவோம். குடியால் 1979இல் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், அவர் பெயரில் 1980இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் நிலையத்தைத் தொடங்கினார். குடிப்பவரோடு குடும்பத்துக்கும் சிகிச்சை வேண்டும் என்பது அங்கே அடிப்படை. தமிழ்நாட்டில் இன்று தமிழிலேயே இத்தகைய கூட்டங்கள் நடக்கின்றன.

என் சமூகத்துக்கும் ஒரு வார்த்தை. மது நமக்கு ஹராம். அதனாலேயே நம்மில் குடிப்பவர் மற்றவர்களைவிட ஆழமாக ஒளிகிறார். அந்தத் தடை கட்டம் கட்டமாக வந்தது என்பது நாம் அறிந்ததே. குடித்ததற்காகத் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்ட ஒருவரைச் சபித்தபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக புகாரியில் வருகிறது. 1989இல் அதே பால்டிமோரில் முஸ்லிம்கள் மில்லத்தி இஸ்லாமி என்ற குழுவைத் தொடங்கி, பன்னிரண்டு படிகளை மார்க்கத்துக்கு ஏற்ப அமைத்துக்கொண்டார்கள்.

இப்போது நம் ஊர். நீண்ட காலம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே முதலில் அரச வைத்தியசாலைக்குப் போங்கள், மனநலப் பிரிவைக் கேளுங்கள். 1927 அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம். 1926 தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். பக்கத்தில் எங்கே கூட்டம் நடக்கிறது, இணையவழியில் உண்டா என்றும் விசாரியுங்கள். முதல் கூட்டம் பிடிக்காவிட்டால் இன்னொன்றுக்குப் போய்ப் பாருங்கள்.

லயத்தில் ஒரு வீட்டில் நடப்பது ஒன்பது வீட்டுக்குத் தெரியும். அதனால்தான் நம்மவர் கூட்டத்துக்குப் போகவே அஞ்சுகிறார். வேண்டுமென்றே அடுத்த டவுனுக்கு பஸ் ஏறுபவரிடம் "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்காமல் இருப்பதும் ஒரு உதவி. கிழமைக்கு ஒரு மணி நேரம் ஒரு வாசிகசாலையோ, பாடசாலை அறையோ, பள்ளிவாசல் மண்டபமோ, கோவில் மண்டபமோ திறந்து கொடுப்பது அதைவிடப் பெரிய உதவி. அக்ரனில் தொடங்கியபோது இரண்டே பேர்தான் இருந்தார்கள்.

இதைப் பகிர்பவர்கள் தயவுசெய்து யாரையும் டேக் செய்ய வேண்டாம். தேவைப்படுபவர் தானாக வாசிக்கட்டும். இறைவன் எல்லா வீடுகளிலும் நிம்மதியைத் தருவானாக.