தொகுபயன் மின்தேக்குத்திறன்

தொகுபயன் மின்தேக்குத்திறன் என்பது பல மின்தேக்கிகள் கொண்ட சுற்றுக்குப் பதிலாக, அதே மின்னழுத்த வேறுபாட்டில் அதே அளவு மின்னூட்டத்தைச் சேமிக்கும் ஒற்றை மின்தேக்கியின் மதிப்பு. அலகு ஃபாரட். பக்க இணைப்பில் மதிப்புகள் நேராகக் கூடும்; தொடரிணைப்பில் தலைகீழிகள் கூடும். மின்தடைகளுக்கான விதிகள் இங்கே இடம் மாறுகின்றன.

சுற்றுப்படத்தில் கம்பிகள் குறுக்கிடும்போது இணைப்பு வகை கண்ணுக்குத் தெரிவதில்லை. தடையற்ற கம்பியால் இணைந்த புள்ளிகள் யாவும் சம மின்னழுத்தம் உடையவை. அவற்றுக்கு ஒரே எழுத்திட்டு, எழுத்துகளை மட்டும் வைத்துச் சுற்றை மீண்டும் வரைவதே நம்பகமான வழி. ஒரே வரிசையில் நிற்கும், ஒவ்வொன்றும் C மதிப்புள்ள மூன்று சம மின்தேக்கிகளின் நான்கு முனைகளில் முதலாவதும் மூன்றாவதும், இரண்டாவதும் நான்காவதும் கம்பியால் இணைந்திருந்தால், எழுத்துகள் அ, ஆ, அ, ஆ என அமையும். தொடர்போலத் தோன்றும் இச்சுற்று உண்மையில் பக்க இணைப்பு. விடை C/3 அன்று, 3C. இரு முனைகளிலும் ஒரே எழுத்து பெறும் மின்தேக்கி குறுக்குச்சுற்றானது, அதை நீக்கிவிடலாம்.

ஐந்து மின்தேக்கிகள் கொண்ட வீட்ஸ்டோன் பாலம் சமநிலையில் இருந்தால், அதன் நடு மின்தேக்கி மின்னூட்டம் ஏற்காது. ஐந்தும் சமமெனில் விடை C. சமநிலை இல்லையெனில், 1899இல் ஆர்தர் கென்னலி வெளியிட்ட விண்மீன்–முக்கோண மாற்றம் உதவும். கனசதுரத்தின் பன்னிரு விளிம்புகளிலும் சம மின்தேக்கிகள் இருப்பின், சமச்சீர்மையே போதும்: கனசதுரத்தின் மையத்தின் வழியே செல்லும் மூலைவிட்டத்தின் முனைகளுக்கிடையே 6C/5, ஒரு விளிம்பின் முனைகளுக்கிடையே 12C/7.