பைக்காராவிலிருந்து மின்சைக்கிள் வரை

மின்சைக்கிள் பராமரிப்பு முற்றிலும் புதிய வேலை என்பது கோவையை அடுத்த அவிநாசி வட்டாரத்தில் பாதிதான் உண்மை. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் கிணறுகளில் மோட்டார் ஓடியது. 1937இல் கோவையிலேயே மோட்டார் தயாரானது. காயில் கட்டுவதும் பேரிங் மாற்றுவதும் பட்டறைகளின் கைவேலையாயின. 2008இல் ஆம்பியர் நிறுவனம் மின்வாகனம் தயாரிக்கத் தொடங்கப்பட்டதும் இதே கோவையில்தான். லித்தியம் பேட்டரியும் கன்ட்ரோலரும் அந்தப் பட்டறைக் கைகளுக்கு அந்நியம் அல்லவா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, பேட்டரியைப் பட்டறையில் பிரிக்கவே கூடாது. ஆனால் புதிதாக ஓட்டுபவருக்கு வேண்டியது வேறு: சார்ஜை அடியோடு வடியவிடாமை, வெயிலில் சூடேறிய பேட்டரியை ஆறவிட்டு ஏற்றுதல், இணைப்புகளில் ஈரம் புகாமல் காத்தல், செயினுக்கு எண்ணெய், டயருக்குக் காற்று. எடையும் வேகமும் கூடுவதால் பிரேக் கட்டை விரைவாகத் தேயும். அதை மாற்ற உள்ளூர் சைக்கிள் கடையே போதும்.