முன்சக்கரமும் இழுக்கும் டிராக்டர்: தோட்டப்புற வரலாற்றில் ஒரு பக்கம்



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குச் செம்பனைத் தோட்டத்தின் படமொன்றைக் காட்டினேன். "ஐயா, இந்த டிராக்டரின் முன்சக்கரத்திலும் பெரிய பற்கள் இருக்கின்றனவே, ஏன்?" என்று ஒரு மாணவி வினவினாள். என் தந்தையார் குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றில் டிராக்டர் ஓட்டியவர். அதனால் அவ்வினாவைச் சற்று விரிவாகவே இங்கு எழுதுகிறேன்.

நம் நாட்டில் செம்பனை வணிகப் பயிராக முதன்முதலில் நடப்பட்டது 1917ஆம் ஆண்டு, சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். 1960களுக்குப் பின் ஜொகூரின் பால்மரக் காடுகள் பலவும் செம்பனைக்கு மாறின. பால் வாளியைத் தோளில் சுமந்துவிடலாம். செம்பனைக் குலையோ ஒன்றே 20 கிலோ இருக்கும். மேலும், வெட்டிய குலை 24 மணி நேரத்திற்குள் ஆலையைச் சேர வேண்டும். தாமதித்தால் பழத்தில் அமிலம் மிகுந்து எண்ணெயின் தரம் குறைந்துவிடும். ஆகவே, மழையானாலும் டிராக்டர் காட்டுக்குள் சென்றே ஆக வேண்டும்.

பழைய டிராக்டர்களில் பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். முன்சக்கரங்கள் திசை திருப்ப மட்டுமே உதவும். குலை நிறைந்த டிரெய்லருடன் ஈரமான மேட்டில் ஏறும்போது, பின்சக்கரம் சுழன்று சுழன்று மண்ணைத் தோண்டிப் புதையும். தந்தையார் டயரில் நீர் நிரப்புவார். முன்புறம் இரும்புக் கட்டிகளை மாட்டுவார். சக்கரத்தடியில் மட்டைகளைப் போடுவார். புதைந்த வண்டியை வலிந்து கிளப்பினால் முன்பக்கம் மேலெழும்பி, வண்டியே பின்னோக்கிக் கவிழக்கூடும். மழைநாள்களில் டிராக்டர் ஓசை கேட்கும்வரை அம்மா லயத்து வாசலிலேயே நிற்பார்.

இதற்கான தீர்வு தொலைவில் பிறந்தது. 1952இல் இத்தாலியின் சாமே நிறுவனம், நான்கு சக்கரங்களும் இழுக்கும் 'டிஏ 25' என்னும் டீசல் டிராக்டரை வெளியிட்டது. இயந்திரத்தின் விசை ஒரு தண்டின் வழியே முன் அச்சுக்கும் செல்கிறது. முன்சக்கரம் சிறியது, ஆதலால் பின்சக்கரத்திற்கு ஈடுகொடுக்க அது விரைவாகச் சுழலும்படி பற்சக்கரங்கள் அமைக்கப்படுகின்றன. பின்னாளில் ஜப்பானியச் சிறு டிராக்டர்களும் இவ்வமைப்புடன் செம்பனை வரிசைகளுக்குள் நுழைந்தன.

பயன்கள் யாவை? முன்பு வெறும் சுமையாக இருந்த முன்பக்க எடையும் இப்போது இழுவைக்கு உதவுகிறது. சக்கரம் வழுக்குவது குறைகிறது, எரிபொருள் மிச்சமாகிறது, நிலத்தில் ஆழமான பள்ளம் விழுவதும் குறைகிறது. பெரும்பாலான டிராக்டர்களுக்குப் பின்சக்கரத்தில் மட்டுமே பிரேக் உண்டு. முன் இழுவையை இணைத்துவிட்டால், சரிவில் இறங்கும்போது நான்கு சக்கரங்களும் வண்டியைத் தடுக்கும்.

குறையும் உண்டு. விலை அதிகம். தார்ச்சாலையில் இணைத்தபடியே ஓட்டினால் டயர் தேயும். கவிழும் ஆபத்தும் முற்றாக நீங்குவதில்லை. பாதுகாப்புச் சட்டமும் இருக்கை வாரும் இன்றியமையாதவை.

தந்தையார் பணி ஓய்வுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அத்தகைய வண்டி அவர் கைக்கு வந்தது. முதல்நாள் வீடு திரும்பியதும், "வண்டிக்கு முன்னாலயும் கால் மொளைச்சிருச்சு" என்று சிரித்தார். அவ்வாண்டு அடைமழையில் அம்மா வாசலில் நின்ற நேரம் குறைந்தது. ஆனால், அதே வண்டி வந்தபின் கைவண்டி தள்ளிக் குலை சேர்த்தவர்கள் சிலருக்கு வேலை குறைந்ததையும் நான் மறைப்பதற்கில்லை. வரலாறு இரண்டையும் சேர்த்தே எழுதப்பட வேண்டும்.

இரப்பரைப் பரப்பிய ரிட்லியின் பெயரை நம் மாணவர்கள் அறிவர். சேற்றில் டிராக்டர் ஓட்டிய தம் தாத்தாவின் கதையை எத்தனை பேர் அறிவர்? பெற்றோர்களே, இவ்விடுமுறையில் பிள்ளைகளை அவர்களிடம் அமர்த்துங்கள். எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், எந்த வண்டி என்று கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். அப்புத்தகங்களை என் வகுப்பில் பாடநூலுக்கு அருகிலேயே வைப்பேன்.