அங்குலமும் ஹெக்டோபாஸ்கலும்

வங்கக் கடலில் புயற்சின்னம் தோன்றியுள்ளது என்ற அறிவிப்பைக் கேட்டதும், நாம் கல்கத்தாவில் இருப்பினும் தில்லியில் இருப்பினும், நம் மனம் நாகைக்கும் கடலூருக்கும் ஓடிவிடுகின்றது. 1964-ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட செய்தி நம்மவர் நெஞ்சில் பதிந்த ஒன்று. இத்தகைய அறிவிப்புகளில், புயலின் மையத்தில் காற்றழுத்தம் இத்தனை ஹெக்டோபாஸ்கல் என்று ஓர் எண்ணும் வருவதுண்டு. அதனை நாம் பெரும்பாலும் செவியிற் கொள்வதில்லை. அந்த எண் எங்கிருந்து வந்தது, முன்னோர் எழுதிவைத்த எண்களோடு அதனை ஒப்பிடுவது எங்ஙனம் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

காற்றுக்கும் எடை உண்டு என்பதைப் பாதரசம் நிரம்பிய கண்ணாடிக் குழாயின் வாயிலாக 1640-களில் விளக்கிக் காட்டியவர் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி. பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல், 1648-இல் தம் மைத்துனரைப் புய்-த-டோம் என்னும் மலைமீது பாதரசக் குழாயுடன் ஏறச் செய்தார். அடிவாரத்தைக் காட்டிலும் உச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்திற்கு மேல் தாழ்ந்து நின்றது. மேலே செல்லச் செல்ல நம்மை அழுத்தும் காற்றின் அளவு குறைகின்றது என்பது ஐயமின்றி விளங்கிற்று.

ஆனால் அவர் சொன்ன அங்குலம் எந்த ஊர் அங்குலம்? பாரிஸ் அங்குலம் ஏறத்தாழ 27.07 மில்லிமீட்டர், ஆங்கில அங்குலமோ 25.4 மில்லிமீட்டர். பாரிசில் 28 அங்குலம் என்று குறித்த அழுத்தமே லண்டனில் 29.84 அங்குலம் ஆகிவிடும். ஊருக்கு ஊர் படி வேறுபட்ட காலத்தை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. இரண்டு படி அரிசி என்றால் எந்த ஊர்ப் படி என்று கேட்ட பின்னரே விலை பேசினோம். காற்றைப் பற்றியும் அக்கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

நம் நாட்டில் அக்கேள்வி உயிர்களோடு பிணைந்ததாயிற்று. 1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் பல்லாயிரவர் மாண்டனர். 1866-இலும் 1871-இலும் பருவமழை பொய்த்தது. சிதறிக் கிடந்த வானிலைக் குறிப்புகளை ஒரே முறையில் கொணர வேண்டும் என்ற உணர்வு இத்துன்பங்களினின்று பிறந்தது. 1875-இல் இந்திய வானிலை இலாகா அமைந்தது. ஹென்றி பிளான்போர்டு அதன் முதற் பொறுப்பை ஏற்றார்.

பத்தே ஆண்டுகளில் பெருஞ்சோதனை வந்தது. 1885 செப்டம்பர் 22-ஆம் நாள், ஒரிசாவில் மகாநதியின் முகத்துவாரத்தருகே உள்ள பால்ஸ் பாயிண்டு என்னுமிடத்தைப் புயல் தாக்கிற்று. கடல் சுமார் 22 அடி உயரம் எழுந்து கரையை விழுங்கியது, ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். அப்பெருங்காற்றின் நடுவே, அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் பாரமானி காட்டிய அளவு குறிக்கப்பெற்றது: 27.135 அங்குலம். கடல் மட்டத்தின் நியம அளவு 29.92 அங்குலம் என்பதை நினைத்தால், இவ்வீழ்ச்சி எத்துணைக் கொடியது என்பது விளங்கும்.

பாதரசத்தின் உயரம் ஒரு நீளமேயன்றி அழுத்தமன்று என்னும் குறை அறிஞர்க்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஆகவே, ஒரு சதுர சென்டிமீட்டரின்மீது 10 லட்சம் டைன் விசை அழுத்துவதை ஒரு பார் என்று வகுத்தனர். அதன் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிபாரை 1909-இல் பிரிட்டிஷ் அறிஞர் நேப்பியர் ஷா வழக்கிற்குக் கொணர்ந்தார். 1971-இல் அழுத்தத்தின் சர்வதேச அலகிற்குப் பாஸ்கலின் பெயர் சூட்டப்பட்டது. நூறு பாஸ்கல் ஒரு ஹெக்டோபாஸ்கல். அது மில்லிபாரின் அளவேதான். பெயர் மாறிற்று, எண் மாறவில்லை.

இனிக் கணக்கு எளிது. ஓர் அங்குலப் பாதரசம் 33.864 ஹெக்டோபாஸ்கல், ஒரு மில்லிமீட்டர் பாதரசம் 1.333 ஹெக்டோபாஸ்கல். நியம அளவான 760 மில்லிமீட்டர் 1013.25 ஹெக்டோபாஸ்கலாகின்றது. கலங்கரை விளக்கத்தின் 27.135-ஐ 33.864-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 919 கிடைக்கும்.

1999 அக்டோபர் 29-இல் அதே மகாநதிக் கழிமுகத்தைப் பாரதீப்பின் அருகே பெரும்புயல் தாக்கியது. அதன் மைய அழுத்தம் 912 ஹெக்டோபாஸ்கல் என்று மதிப்பிடப்பட்டது. ஏறத்தாழ 10,000 உயிர்கள் பறிபோயின. 912-ஐயும் 27.135-ஐயும் அருகருகே வைத்தால் ஒன்றும் விளங்காது. 912-ஐயும் 919-ஐயும் வைத்தாலோ, 114 ஆண்டு இடைவெளியில் ஒரே கரையில் இருமுறை நிகழ்ந்த அழிவு கண்முன் நிற்கும்.

எனினும் பெருக்கல் மட்டும் போதாது. வெப்பத்தில் பாதரசம் விரிவடைகின்றது. 30 டிகிரி வெப்பத்தில் 760 மில்லிமீட்டர்த் தண்டு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் மிகுத்துக் காட்டும். அது 5 ஹெக்டோபாஸ்கல் பிழை. நாம் ஒப்பிட்ட இரு புயல்களின் வேறுபாடே 7 தான்! இடத்தின் புவியீர்ப்பையும் உயரத்தையும் கருதித் திருத்தங்கள் உண்டு. ஆதலின் எது பெரும்புயல் என்று பந்தயம் கட்ட இவ்வெண்கள் உதவா. அக்கரையில் அத்தகைய புயல் மீண்டும் வரக்கூடும் என்று எச்சரிக்கவே அவை உதவும்.

அவ்வெச்சரிக்கை வீண்போகவில்லை. 2013 அக்டோபரில் பைலின் புயல் கோபால்பூரருகே கரை கடந்தபோது லட்சக்கணக்கானோர் முன்னதாகவே பாதுகாப்பான இடங்களுக்கு அகற்றப்பட்டனர். உயிரிழப்பு ஐம்பதைத் தாண்டவில்லை. அளவீடு மட்டுமே இதனைச் சாதித்தது என்று கூறோம். செயற்கைக்கோளும், புயற்காப்பகங்களும், ஊர் மக்களின் உழைப்பும் சேர்ந்தே சாதித்தன. ஆயினும் அன்று கலங்கரை விளக்கத்தில் எழுதப்பட்ட எண்ணை இன்றைய மொழியில் படிக்க வல்லவராயிருப்பதால்தான், அக்கரையின் நினைவு நமக்கு அறுபடாமல் கிடைத்துள்ளது. அடுத்த முறை வானொலி அந்த எண்ணைச் சொல்லும்போது, சற்றே செவி கொடுத்துக் கேட்போமாக.